தோட்டத் தொழிலாளரின் நாட்பட்ட தசைவலி: காரணமும் பராமரிப்பும்

நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா ஆகிய பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களில் பல்லாண்டு வேலை செய்தோருள் கழுத்து, தோள், முதுகு, இடுப்பு ஆகியவற்றில் ஒன்றேனும் வலிக்கவில்லை என்று கூறுவோர் அரியர். அவ்வலியை அவர்கள் நோயென்று கருதுவதில்லை. "மேல்வலி" என்று அதற்குப் பெயரிட்டு, மழையையும் பனியையும் போல மலையோடு பிறந்ததாக ஏற்றுக்கொண்டு, இரவில் தைலம் பூசிப் படுத்து, விடியற்காலையில் மீண்டும் பெரட்டுக்குச் செல்கின்றனர். வலி மிகுந்த நாளில் கடையில் இரண்டு மாத்திரை வாங்கி விழுங்குகின்றனர்.

பயிர்நோய்களையும் உரமிடும் முறைகளையும் பற்றிப் பிரசுரம் வெளியிடும் திணைக்களம் மனித உடலின் வலியைப் பற்றி எழுதுவது ஏன் என்று சிலர் வினவக்கூடும். ஒரு செடி ஒரு பக்கமே சாய்ந்து வளருமாயின் அதன் காரணத்தை நிலத்திலும் வெளிச்சத்திலும் தேடுகின்றோம். தொழிலாளியின் தோள்வலிக்கும் காரணத்தை அவர் நிற்கும் சரிவிலும், பறிக்கும் செடியின் உயரத்திலும், சுமக்கும் கூடையின் கயிற்றிலும் தேடவேண்டியிருக்கின்றது. இவை யாவும் பயிர்ச்செய்கையைச் சேர்ந்தவையே. மருந்தும் சிகிச்சையும் வைத்தியரின் பொறுப்பு. அவ்விடயத்தில் வைத்தியர்கள் பொதுவாக ஏற்றுக்கொண்டவற்றையே இங்கு கூறுகின்றோம்.

இருவகை வலி

பழக்கமற்ற வேலையைச் செய்த மறுநாள் உடல் நோவது யாவரும் அறிந்ததே. மாதக்கணக்கில் மண்வெட்டி பிடியாதவர் ஒரு நாள் முழுதும் கான் வெட்டினால், மறுநாளும் அதற்கடுத்த நாளும் கையைத் தூக்க மாட்டார். தசை இழைகளில் ஏற்பட்ட நுண்ணிய சேதமும், அதனைச் செப்பனிட உடல் மேற்கொள்ளும் முயற்சியுமே இதற்குக் காரணம். தசையில் லக்டிக் அமிலம் தேங்குவதால் இந்நோவு உண்டாகின்றது என்று பழைய நூல்கள் கூறியது இப்பொழுது ஏற்கப்படுவதில்லை. அவ்வமிலம் வேலை முடிந்த ஒன்றிரண்டு மணி நேரத்துள் நீங்கிவிடும். இந்நோவு நாலைந்து நாளில் தானே தீரும். தீர்ந்தபின் தசை முன்னிலும் உறுதியடையும். இதற்கு அஞ்சவேண்டியதில்லை.

மற்றையது வேறு. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியை, அல்லது அக்காலத்துள் விட்டுவிட்டு வந்துகொண்டேயிருக்கும் வலியை, நாட்பட்ட வலி என்பர். உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பகுப்புப் பட்டியலின் 11ஆம் பதிப்பு 2022ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. அதில் நாட்பட்ட வலிக்குத் தனி இடம் அளிக்கப்பட்டுள்ளது. வேறொரு நோயின் அடையாளம் என்ற அளவில் நில்லாது, தானே கவனித்துச் சிகிச்சை செய்யப்படவேண்டியதாகவும் அது கொள்ளப்படுகின்றது. எனவே "வயதானால் வலிக்கத்தானே செய்யும்" என்று ஒருவரைத் திருப்பியனுப்புவது முறையன்று. முப்பது வயதுப் பெண்ணிடம் அவ்வாறு கூறுவது அதனினும் முறையன்று.

தசை களைப்படையும் விதம்

ஒரு லீற்றர் நீர் நிரம்பிய போத்தலைக் கையில் எடுத்து, கையை முன்னே நீட்டி அசையாமல் பிடித்துப் பாருங்கள். ஓரிரு நிமிடத்தில் தோள் எரியத் தொடங்கும். அதே போத்தலை மேலும் கீழுமாக ஏற்றி இறக்கினால் அதனினும் நெடுநேரம் செய்ய முடியும். பாரம் ஒன்றே, வேறுபாடு யாது? தசை இறுகும்போது அதனுள் ஓடும் நுண்ணிய இரத்தக்குழாய்கள் நசுங்குகின்றன, தளரும்போது விரிகின்றன. இறுகித் தளரும் தசைக்கு இரத்தம் வந்துபோகும். இறுகியே நிற்கும் தசைக்குப் பிராணவாயுவும் உணவும் குறைந்து, கழிவு தேங்கும். ஆகவே பாரம் பெரிதாயிருப்பதினும், சிறு பாரமாயினும் தசை தளர வாய்ப்பில்லாமல் நெடுநேரம் நிற்பதே பெரும்பாலும் கேடு விளைவிக்கின்றது.

இதன்மேல் 1991ஆம் ஆண்டு சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் ஹேக் என்பவர் ஒரு கருத்தை முன்வைத்தார். ஒரு தசையினுள் உள்ள இழைகள் யாவும் ஒருங்கே வேலை செய்வதில்லை. சிறு வேலைக்குச் சில சிறிய இழைகளே முதலில் எழும். வேலை கூடும்போது மற்றவை சேரும். வேலை குறையும்போது பின்வந்தவை முதலில் ஓயும். முதலில் எழுந்த சிறிய இழைகள் தசை முற்றிலும் தளரும்வரை ஓய்வதில்லை. வீட்டில் முதலில் எழுந்து கடைசியில் உறங்கும் மேல்நாட்டுக் கதைப் பெண் சிண்ட்ரெல்லாவின் பெயரையே அவர் இவ்விழைகளுக்கு இட்டார். விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டி, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, மலைக்குப் போய் வந்து, இரவில் யாவரும் உண்டபின் பாத்திரம் கழுவும் தோட்டத்துப் பெண்ணுக்கு அக்கதை புதிதன்று.

கொழுந்து மலையில்

கொழுந்து பறிப்பவரின் வேலையை இக்கண் கொண்டு நோக்குவோம். இரு இலையும் ஓர் அரும்பும் கொண்ட கொழுந்தின் எடை ஒரு கிராம் என்று கொண்டால், 18 கிலோ கொழுந்துக்கு 18,000 தடவை விரல்கள் கிள்ளவேண்டும். கொழுந்து அதனினும் சிறிதாயின் எண்ணிக்கை இன்னும் கூடும். ஆயினும் விரலிலும் மணிக்கட்டிலும் வரும் வலியைக் காட்டிலும் கழுத்திலும் தோளிலும் வரும் வலியே மிகுதி. விரல்கள் இறுகித் தளர்கின்றன. மேற்கை செடியின்மேல் நீண்டபடியே நிற்கின்றது. தலை குனிந்தபடியே இருக்கின்றது. மனிதரின் தலை 4 முதல் 5 கிலோ எடையுள்ளது. நிமிர்ந்திருக்கும்போது கழுத்தெலும்புகள் அதனைத் தாங்கும். குனிந்திருக்கும்போது பின்கழுத்துத் தசைகளே இழுத்துப் பிடிக்கவேண்டும். வாளியை உடலோடு ஒட்டிப் பிடிப்பதற்கும் கை நீட்டிப் பிடிப்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் போன்றது இது. அதன்மேல் முதுகிலுள்ள கூடையின் அல்லது பையின் கயிறு உச்சந்தலையில் பதிந்து பின்னே இழுக்கின்றது. மழைநாளில் நனைந்த கொழுந்தின் நீரும் சேர்ந்து சுமையாகின்றது. நிறுவையில் அந்நீர் கழிக்கப்படுமாயினும் கழுத்து அதனைச் சுமந்தே வந்தது.

இங்கு கவ்வாத்தைப் பற்றிச் சிறிது விரிவாகக் கூறவேண்டும்; வைத்தியர் அறியாததும் தோட்டத்தார் அறிந்ததும் இதுவே. மலைநாட்டில் செடிகளை ஏறத்தாழ மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்துச் செய்கின்றோம். கவ்வாத்தின்பின் கொழுந்து மட்டம் இடுப்புக்குக் கீழே இருக்கும். பின்னர் ஆண்டுதோறும் உயர்ந்து, அடுத்த கவ்வாத்து நெருங்கும்போது உயரம் குறைந்த பெண்களுக்கு நெஞ்சளவை எட்டும். ஆகவே இளங்கவ்வாத்து மலையில் பறிப்பவருக்கு இடுப்பும் கீழ்முதுகும் நோகும். முதிர்ந்த மலையில் பறிப்பவருக்குக் கைகள் உயர்ந்தே நிற்பதால் தோளும் பின்கழுத்தும் நோகும். "போன வருடம் இடுப்பு, இந்த வருடம் தோள்" என்று ஒருவர் கூறும்போது அவர் வலி இடம் மாறித் திரிகின்றது என்று எண்ணவேண்டியதில்லை. அவர் எந்த மலையில் நிற்கின்றார் என்று கேட்டால் பெரும்பாலும் விளங்கிவிடும்.

சரிவும் இதனோடு சேர்கின்றது. நிரைக்கு நடுவே நிற்பவருக்கு மேற்பக்கச் செடி உயர்ந்தும் கீழ்ப்பக்கச் செடி தாழ்ந்தும் இருக்கும். காலை நகர்த்தாமல் இடுப்பை மட்டும் முறுக்கி இருபுறமும் பறிப்பது பலரின் வழக்கம். ஒவ்வொரு முறுக்கும் சிறிதாயினும், நாள் முழுவதற்கும் எண்ணிப் பார்த்தால் சிறிதன்று.

ஆண்களின் வேலையில் இவ்வாறு அசையாது நிற்கும் பாரம் சற்றுக் குறைவு. எனினும் கவ்வாத்துக் கத்தி மழுங்கியிருப்பின் முழங்கையும் மணிக்கட்டும் பழுதாகும். ஒரு வெட்டுக்குப் பதில் மூன்று வெட்டு வெட்டினால் மும்மடங்கு அதிர்ச்சியை முழங்கை ஏற்கும். 16 லீற்றர் மருந்து நிரப்பிய தெளிகருவி, நீர் மட்டுமே 16 கிலோவாகும். அதன் வார் ஒன்று நீண்டும் மற்றது குறுகியும் இருப்பதைப் பல இடங்களில் கண்டிருக்கின்றேன். மரக்கறித் தோட்டங்களில் கரட்டும் லீக்சும் உருளைக்கிழங்கும் பயிரிடுவோருக்கும் இதுவே பொருந்தும். மண்வெட்டியின் பிடி குட்டையாயின் முதுகு வளைந்தேயாகவேண்டும். 

கொழுந்து பறிக்கும் கத்தரி இப்பொழுது பல தோட்டங்களில் புழங்குகின்றது. அது விரலின் வேலையைக் குறைத்து, மணிக்கட்டுக்கும் முன்கைக்கும் வேலையைக் கூட்டுகின்றது. ஆகவே கத்தரியால் வலி நீங்கும் என்றோ கத்தரியே வலியைத் தந்தது என்றோ சாதிப்பது பொருந்தாது.

வலி நிலைத்துவிடுவது ஏன்

தசை களைத்தால் இரவு உறக்கத்தில் தேறவேண்டுமன்றோ? தேறாமல் மாதக்கணக்கில் வலி நிற்பது ஏன்? தோட்டத்துச் சம்பள முறை ஒரு காரணம். நாட்சம்பளம் குறிக்கப்பட்ட எடையோடு பிணைந்துள்ளது. அவ்வெடை தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடினும், பல இடங்களில் 18 கிலோவை ஒட்டியிருந்து வந்துள்ளது. 2021ஆம் ஆண்டு நாட்சம்பளம் 1,000 ரூபாவாக உயர்த்தப்பட்டபோது சில தோட்டங்களில் எடையும் உயர்த்தப்பட்டது. எடை குறைந்தால் அரைப் பேரே கிடைக்கும். ஆகையால் வலியுள்ளவர் வேகத்தைக் குறைப்பதில்லை. கொழுந்து குறைந்த காலத்தில் அதே எடைக்கு இன்னும் கூடுதலாக நடந்து, இன்னும் எட்டிப் பறிக்கின்றார். அதே 2021ஆம் ஆண்டில் மே முதல் நவம்பர் வரை இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டிருந்தது. செடி உரமிழந்து கொழுந்து குறைந்தால் அது தொழிலாளியின் தோளிலும் வந்து சேரும் என்பதை விவசாயக் கணக்குகள் காட்டுவதில்லை.

இரண்டாவது காரணம் நரம்பைச் சார்ந்தது. 1965ஆம் ஆண்டு மெல்சாக், வோல் என்னும் இருவர், வலிச் செய்தி முள்ளந்தண்டு வடத்தில் ஒரு படலையைக் கடந்தே மூளைக்குச் செல்கின்றது என்றும், அப்படலை சில வேளை அகலத் திறந்தும் சில வேளை ஒருக்களித்தும் இருக்கும் என்றும் விளக்கினர். 1983ஆம் ஆண்டு வூல்ப் என்பவர், நெடுநேரம் வலிச் செய்தி பெற்ற முள்ளந்தண்டு நரம்புகள் தாமே கூர்மையடைந்து, சிறு தொடுகைக்கும் பெரிதாகக் குரலெழுப்பும் என்று காட்டினார். லயத்தில் ஒரு முறை கள்வன் புகுந்தால் அதன்பின் அந்த லயத்து நாய் இலை அசைந்தாலும் குரைக்கும். நாய் பொய் குரைக்கவில்லை, கள்வனும் அங்கில்லை. நாட்பட்ட வலியும் பெரும்பாலும் இத்தன்மையது. வலி உண்மை. ஆனால் வலிக்குமளவுக்கு உள்ளே தசை கிழிந்துகொண்டிருக்கின்றது என்று கொள்ளவேண்டியதில்லை.

இதனை அறிவதால் பயன் உண்டு. உள்ளே ஏதோ அறுந்துவிட்டது என்று அஞ்சுபவர் அசையாமல் படுப்பார். படுத்தால் தசை மெலியும். மெலிந்த தசை அடுத்த முறை இன்னும் விரைவில் களைக்கும். உறக்கக் குறைவும் மனக்கவலையும் அப்படலையை மேலும் அகலத் திறக்கின்றன. பிள்ளையின் படிப்புச் செலவை எண்ணி உறங்காதிருந்த தாய்க்கு மறுநாள் தோள் கூடுதலாக வலிப்பது அவரது கற்பனையன்று.

குளிரைப் பற்றி ஒரு சொல். பனியும் மழையும் தசைவலியைப் படைப்பதில்லை. எனினும் குளிர்ந்த தசை இறுகியே நிற்கும். நனைந்த உடையோடு நிற்பவர் தோள்களைக் குறுக்கிக்கொண்டே வேலை செய்வார். வேலை முடிந்து வந்தவுடன் ஈர உடையை மாற்றுவது தைலம் பூசுவதினும் முந்திச் செய்யத்தக்கது.

மலையில் செய்யத்தக்கவை

"ஓய்வெடுங்கள்" என்று கூறுவது எளிது. ஓய்வெடுத்தால் பேர் போய்விடும் என்போருக்கு அவ்வறிவுரையால் பயனில்லை. ஆகவே எடையைக் குறைக்காத ஓய்வையே நாம் தேடவேண்டும். முன்னே கூறியபடி தசைக்கு வேண்டுவது இறுக்கம் முற்றிலும் விட்டுப்போகும் சில நொடிகளே. அந்நொடிகள் அடிக்கடி வரவேண்டும். மாலையில் ஒருமிக்க எடுக்கும் ஒரு மணி நேரம் அதற்கு ஈடாகாது.

கைநிறைந்த கொழுந்தைக் கூடையில் எறிந்ததும் இரு கைகளையும் தொங்கவிட்டு, தோள்களைக் கீழே இறக்கி, ஒரு முறை மூச்சை முழுதாக விடுக. மூன்று நொடிக்கு மேல் ஆகாது. எப்பொழுதும் வலத்தோள் வழியாகவே எறிபவர் இடையிடையே இடத்தோள் வழியாகவும் எறிந்து பழகுக. ஒரு நிரை முடிந்து மறு நிரைக்கு ஏறும்போது நிமிர்ந்து நின்று, இரு கைகளையும் இடுப்பின் பின்னே ஊன்றி, முதுகை மெதுவாகப் பின்னே வளைத்து விடுக. பக்கம் மாறும்போது இடுப்பை முறுக்காமல் காலை நகர்த்துக. தொடக்கத்தில் இவற்றை நினைவில் வைத்தல் கடினம். இருவர் மூவர் சேர்ந்து ஒருவரையொருவர் நினைவூட்டுவாராயின் ஒரு மாதத்தில் பழக்கமாகிவிடும்.

2005ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆராய்ச்சி இதனோடு வைத்து எண்ணத்தக்கது. நேபாள மலைப்பாதைகளில் தலைப்பட்டையால் சுமை தூக்குவோர் தம் உடல் எடையினும் மிகுந்த பாரத்தைச் சுமப்பதை அவ்வாராய்ச்சியாளர் அளந்தனர். அவர்கள் விரைந்து நடப்பதில்லை. மெதுவாக நடந்து, அடிக்கடி நின்று நின்று, நெடுநேரம் செல்கின்றனர்.

கயிறு மெல்லியதாயின் அதே எடை உச்சந்தலையில் சிறு இடத்தில் அழுந்தும். நான்கு விரல் அகலத்தில் மடித்துத் தைத்த தடித்த துணிப்பட்டையைக் கயிற்றோடு சேர்த்துக்கொள்க. கூடையின் அடி இடுப்பில் பதியும்படி கயிற்றின் நீளத்தைச் சரிப்படுத்துக. பிட்டத்துக்குக் கீழே தொங்கும் கூடை ஒவ்வோர் அடிக்கும் ஆடி, கழுத்தைப் பின்னே வெட்டி இழுக்கும். நிறுவை நேரம் வந்தபின்னும் "இன்னும் ஒரு பிடி" என்று திணிப்பதைத் தவிர்க்க.

இவற்றுள் சில தொழிலாளியின் கையில் இல்லை. வெளிக்கள உத்தியோகத்தரும் கங்காணிமாரும் கவனிக்கவேண்டியவையும் உள. கவ்வாத்து நெருங்கிய உயர்ந்த மலைக்கு உயரம் குறைந்தோரையே நாள்தோறும் அனுப்பாது மாற்றி மாற்றி அனுப்புதல். கொழுந்து மிகுந்த மாதங்களில் நிறுவையை மலைக்கருகே வைத்துச் சுமக்கும் தூரத்தைக் குறைத்தல். வலியால் விடுமுறையெடுத்துத் திரும்பியவரை முதல் வாரம் இளஞ்சரிவில் விடுதல். இவற்றால் தோட்டத்துக்குச் செலவு மிகுதியில்லை. களைத்த கை முற்றிய இலையையும் சேர்த்துப் பறிக்கும் என்பது ஸ்டோரில் உள்ளவர்கள் அறியாததன்று.

வீட்டில்

"நாள் முழுதும் மலை ஏறி இறங்குகின்றோம், எங்களுக்கு அப்பியாசம் எதற்கு ஐயா?" என்று பெண்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. வேலையில் அதே தசை அதே நிலையில் இறுகி நிற்கின்றது. அப்பியாசத்தில் அது வலுவாக இறுகி, பின் முற்றிலும் தளர்கின்றது. டென்மார்க் நாட்டில் கழுத்துத் தசைவலியுள்ள பெண் ஊழியர்களைக் கொண்டு நடத்தி 2008ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட சோதனையில், வாரத்துக்கு மூன்று நாள், நாளொன்றுக்கு 20 நிமிடம், பத்து வாரம் தோளுக்கு வலுவூட்டும் அப்பியாசம் செய்தோருக்கு வலி பெரிதும் குறைந்தது. அவர்களுள் பெரும்பாலோர் அலுவலகத்தில் இருந்தோர். நம்மவரின் வேலை வேறு. எனினும் அசையாது இறுகி நிற்கும் தோள்தசை இருவருக்கும் ஒன்றே.

இதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. நிமிர்ந்து நின்று தோள்களைக் காதை நோக்கி உயர்த்தி, ஐந்து எண்ணி, சட்டென விடாமல் மெதுவாக இறக்குக. லயத்துச் சுவரில் இரு கைகளையும் ஊன்றி, உடலைச் சுவரை நோக்கிச் சாய்த்து மீண்டும் தள்ளி நிமிர்க. நீர் நிரப்பிய இரு போத்தல்களைக் கையில் கொண்டு பக்கவாட்டில் தோளுயரம் வரை உயர்த்தி இறக்குக. ஒவ்வொன்றும் பத்துத் தடவை. வாரம் ஒன்றுக்கு மூன்று நாள் போதும். முதல் இரு வாரம் சிறிது நோவு கூடலாம். மறுநாள் காலையிலும் அந்நோவு வழக்கத்தினும் மிகுந்திருந்தால் பத்தை ஐந்தாக்குக, நிறுத்திவிடாதீர்.

பலரைக் கெடுப்பது நல்ல நாளே. வலி குறைந்த ஞாயிற்றுக்கிழமையில் கைக்காசுக்குப் பறித்து, விறகு பிளந்து, வீட்டுத்தோட்டம் கொத்தி, துணி முழுதும் துவைத்து, திங்கட்கிழமை எழ முடியாமற் கிடப்பவர் உண்டு. நல்ல நாளில் சிறிது குறைத்தும், கெட்ட நாளில் முற்றிலும் படுக்காமல் சிறிது நடந்தும், நாளுக்கு நாள் வேலையை ஏறத்தாழ ஒரே அளவில் வைத்துக்கொள்ளல் நன்று. விறகு சுமப்பதும் நீர் தூக்குவதும் பெண்ணுக்கே உரியவை என்று எந்தச் சட்டத்திலும் எழுதப்படவில்லை. அவற்றை வீட்டிலுள்ள ஆண்கள் ஏற்பாராயின் எந்தத் தைலத்தினும் அது பயன் தரும்.

வெப்ப ஒத்தடம் நல்லது. உப்பையோ மணலையோ வறுத்துத் துணியில் கட்டி, புறங்கையில் வைத்துச் சூடு பொறுக்குமா என்று பார்த்தபின், வலிக்கும் இடத்தில் 15 முதல் 20 நிமிடம் வைக்கலாம். நீரிழிவால் உணர்ச்சி குறைந்தோர் பிறரைக் கொண்டு சூடு பார்த்துக்கொள்க. தைலம் தேய்ப்பதும் தவறன்று. தேய்க்கும் கையின் இதத்தால் அப்படலை சற்று ஒருக்களிக்கின்றது. உள்ளே உள்ள "வாயு" வெளியேறும் என்று எலும்பு நெரிய மிதிப்பதும் கழுத்தைச் சடுதியாக முறிப்பதும் ஆகா.

மாத்திரைகளைப் பற்றி

பரசிற்றமோல் சில நாட்களுக்கு உதவும். வயது வந்தவர் ஒரு நாளில் 500 மில்லிகிராம் மாத்திரை எட்டுக்கு மேல் எக்காரணத்தாலும் உண்ணலாகாது. உடல் மெலிந்தோருக்கும் நாள்தோறும் மது அருந்துவோருக்கும் அவ்வளவுங்கூட ஈரலைப் பாதிக்கலாம். டைக்குளோபினாக், ஐபுப்ரோபன் என்னும் மாத்திரைகள் வலியை விரைவில் அடக்குமாதலால் கடைகளில் அவற்றையே கேட்டு வாங்குகின்றனர். வெறும் வயிற்றில் அவை இரைப்பையில் புண் உண்டாக்கும். இரத்த அழுத்தம், நீரிழிவு, சிறுநீரக நோய் உள்ளோரும் கருவுற்றோரும் வைத்தியரைக் கேளாமல் அவற்றைத் தொடலாகாது.

இங்கு மறைவாகப் பேசப்படும் ஒன்றை வெளிப்படையாகக் கூறவேண்டும். மலையில் மலசலகூடம் இல்லாமையால் பெண்கள் பலர் காலையிலிருந்து மாலைவரை நீர் அருந்துவதையே தவிர்க்கின்றனர். நீர் வற்றிய உடலில் இம்மாத்திரைகள் சிறுநீரகத்தை மிக எளிதில் தாக்கும். மலைக்கொரு மறைவிடமும் நீரும் அமைப்பது நிருவாகத்தின் கடமை. அது அமையும்வரையிலும், நீரைக் குறைத்து மாத்திரையைக் கூட்டும் வழக்கத்தை விடவேண்டும்.

பெயரும் உறையுமின்றிப் பொட்டலமாக விற்கப்படும் "மேல்வலி மாத்திரை"களை வாங்காதீர். அத்தகையவற்றில் ஸ்ரெரொயிட் மருந்து கலந்திருக்கக்கூடும். முதலில் அற்புதமாக வேலை செய்யும். நாளடைவில் முகம் வீங்கும், எலும்பு மெலியும், சர்க்கரை ஏறும், திடீரென நிறுத்தினாலும் ஆபத்து. ஆண்கள் சிலர் மாலையில் சாராயத்தை வலிமருந்தாகக் கொள்கின்றனர். அது உறக்கத்தைக் கெடுத்து மறுநாள் வலியைக் கூட்டும்.

உணவைப் பற்றி ஒன்று மட்டும். இரத்தசோகை உள்ளவரின் தசை விரைவில் களைக்கும். சோற்றோடும் ரொட்டியோடும் தேநீர் அருந்தினால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும். நாம் விளைவிக்கும் தேயிலையைக் குறைகூறுவதன்று இது. உண்டு ஒரு மணி நேரம் கழித்து அருந்துக என்பதே. லயத்தருகே கையகல நிலமிருப்பின் கீரை, அவரை, போஞ்சி பயிரிடலாம். பருப்பு, நெத்தலி, முட்டை ஆகியவற்றுள் ஒன்று நாள்தோறும் சேர்வது தசைக்கு வேண்டிய புரதத்தைத் தரும்.

வைத்தியரிடம் தாமதியாது செல்லவேண்டிய நிலை

காய்ச்சலோடு வரும் உடல்வலி மேற்கூறிய வலியன்று. அது டெங்காகவோ எலிக்காய்ச்சலாகவோ இருக்கலாம். எலிக்காய்ச்சலில் கெண்டைக்கால் தசை கடுமையாக நோகும், கண் சிவக்கும், சிறுநீர் குறையும். இவ்விரண்டிலும் டைக்குளோபினாக், ஐபுப்ரோபன் உண்பது உயிருக்கே கேடாகலாம். கை கால் மரத்துப்போதல், பிடி நழுவுதல், கால் இழுபடுதல், சிறுநீரோ மலமோ தன்னையறியாது கழிதல், காரணமின்றி உடல் மெலிதல், இரவில் படுத்தும் தணியாத வலி, வழுக்கி விழுந்தபின் தொடங்கிய வலி, காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விரல்மூட்டுகள் விறைத்து வீங்குதல் ஆகியவற்றுக்கும் அப்பியாசமும் ஒத்தடமும் மருந்தல்ல. ஏற்றத்தில் நடக்கும்போது நெஞ்சை இறுக்கி இடத்தோளுக்கோ தாடைக்கோ பரவி, வியர்வையோடும் மூச்சுமுட்டலோடும் வரும் வலியைத் தோள்வலி என்று எண்ணித் தைலம் பூசிக்கொண்டிருத்தல் ஆகாது. அப்பொழுது 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும்.

மற்றைய நாட்பட்ட வலிக்குத் தோட்ட வைத்திய உத்தியோகத்தரிடம் தொடங்கி, அங்கிருந்து டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கோ நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலைக்கோ செல்லலாம். அரசாங்க வைத்தியசாலைகளில் இதற்குக் கட்டணமில்லை. அங்கு "மேல் வலிக்குது" என்று மட்டும் கூறினால் நெரிசலில் நிற்கும் வைத்தியருக்கு எதுவும் விளங்காது. எந்த இடம், எத்தனை மாதமாக, எந்த வேலையில் கூடுகின்றது, எவ்வளவு கொழுந்து சுமக்கின்றீர், மலை உயர்ந்ததா தாழ்ந்ததா, இரவில் எத்தனை மணி நேரம் உறங்குகின்றீர் என்பவற்றை முன்னரே எண்ணிச் செல்க. இதுவரை உண்ட மாத்திரைகளின் உறைகளையும் கையோடு கொண்டு செல்க.